கை வேலை ஓடவில்லையா? மனச்சோர்வுக்கு முதன்முறையாக உதவி தேடுவோருக்கு

கொங்கு நாட்டில் ஒரு மனிதரை எடைபோட நம் ஆட்கள் முதலில் பார்ப்பது அவருடைய வேலையைத்தான். "நாலரைக்கே எந்திரிச்சு கட்டுத்தரைக்குப் போயிருவாருங்க", "ஒன்றரை ஷிப்ட் பார்த்துட்டு வந்தும் வீட்டு வேலை அத்தனையும் செஞ்சிருவாங்க" என்பதெல்லாம் இங்கே பெரிய நற்சான்று. அதனால் மனச்சோர்வு என்ற நோய் ஒருவரைப் பிடிக்கும்போது வீட்டார் கண்ணில் முதலில் படுவதும் வேலைதான். தறிக்குப் போனால் கவனம் நிற்பதில்லை. வயலுக்குத் தண்ணி கட்டப் போகக் கால் எழுவதில்லை. பனியன் கம்பெனியில் பீஸ் எண்ணிக்கை குறைகிறது. உடனே "சோம்பேறி" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். நோயில் இருப்பவரும் அதையே நம்பித் தன்னைத் திட்டிக்கொள்கிறார். இப்படியே மாதக்கணக்கில் ஓடிவிடுகிறது.

தனக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்படி ஆகி, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோய் என்னவென்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. அவரிடம் போய்ச் சேரும் வழியையும், போன பிறகு நடக்கப்போவதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்.

முதல் படி: சோகமா, நோயா என்று பார்ப்பது

கடன், சாவு, பயிர் இழப்பு, பங்காளிச் சண்டை என்று துக்கத்துக்குக் காரணம் எல்லார் வீட்டிலும் உண்டு. துக்கத்தில் இருப்பவர் நடுவில் பேரப்பிள்ளையைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பார், பிடித்த குழம்பு வைத்தால் இரண்டு வாய் கூடச் சாப்பிடுவார். மனச்சோர்வில் அந்த இடைவெளிகூடக் கிடைப்பதில்லை.

மருத்துவர்கள் ஒன்பது அறிகுறிகளைப் பார்க்கிறார்கள். பெரும்பாலான நேரம் மனம் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, தூக்கம் கெடுவது அல்லது அளவுக்கு மீறித் தூங்குவது, பசியோ எடையோ குறைவது அல்லது கூடுவது, தீராத அசதி, பேச்சும் நடையும் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, கவனம் நிற்காமல் சின்ன முடிவுகூட எடுக்க முடியாமல் போவது, "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணமும் காரணமில்லாத குற்ற உணர்ச்சியும், சாவைப் பற்றிய நினைப்பு. இவற்றில் குறைந்தது ஐந்து, அதிலும் முதல் இரண்டில் ஒன்றாவது, இரண்டு வாரம் அநேகமாக நாள் முழுக்கத் தொடர்ந்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால், மனச்சோர்வு நோய் என்று சந்தேகிக்க வேண்டும்.

ஆனால் நம் ஊரில் யாரும் "எனக்கு மனசு கனக்கிறது" என்று ஆரம்பிப்பதில்லை. தலை பாரம், நெஞ்சு படபடப்பு, வயிறு உப்புசம், கை கால் குடைச்சல் என்றுதான் சொல்வார்கள். அவை நடிப்பு இல்லை, மனச்சோர்வில் உடம்பு நிஜமாகவே வலிக்கிறது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, காலை நேரம் மோசமாகவும் சாயங்காலம் கொஞ்சம் லேசாகவும் இருந்தால் அதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். ஆண்களிடம் இந்த நோய் கண்ணீராக வெளிவராமல் எரிச்சலாகவும் டாஸ்மாக் கடையாகவும் வெளிவருவது உண்டு. குடித்தால் தூக்கம் வருவதுபோலத் தெரியும். அது பாதி ராத்திரியில் கலைந்துவிடும், மனச்சோர்வும் ஏறும். பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண் குழந்தை பிறந்த முதல் சில நாட்கள் அழுவது பெரும்பாலும் தானாகத் தணியும். இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தால் அவரையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மனச்சோர்வு என்று நினைப்பது வேறு ஒன்றாகவும் இருக்கலாம். காரணமில்லாத பயமும் பதற்றமும் முன்னால் நின்றால் பதற்றக் கோளாறு. எப்போதாவது தூக்கமே இல்லாமல் பல நாள் அளவுகடந்த உற்சாகம், பெரிய பெரிய திட்டம், கண்மூடித்தனமான செலவு என்று இருந்திருந்தால் இருதுருவக் கோளாறாக இருக்கலாம். இதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. அப்படிப்பட்டவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் நிலைமை திரும்பி மிகையுற்சாகத்தில் கொண்டுபோய் விடக்கூடும். காதில் குரல் கேட்கிறது, யாரோ சதி செய்கிறார்கள் என்றால் அதற்குச் சிகிச்சை வேறு.

பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித்தாள் தமிழிலும் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் காட்டிவிடுவது நல்லது. நாட்டில் 2015–16இல் பெங்களூருவின் நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி 20 பெரியவர்களில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் வந்திருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பின் சமயத்தில் நோய் இருந்தவர்களில் சுமார் 85 சதவீதம் பேர் சிகிச்சை இல்லாமலே இருந்தார்கள்.

இரண்டாம் படி: ஆபத்து இருக்கிறதா என்று நேராகக் கேட்பது

மற்ற எதையும் செய்வதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்பதால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு பாரம் இறங்குகிறது. தனியாக உட்காரவைத்து, தணிந்த குரலில், "ஏங் கண்ணு, இருந்து என்ன பண்றதுன்னு நெனப்பு வருதா? செத்துரலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். "ஆமா" என்றால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள், உபதேசம் செய்யாதீர்கள். அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள் பயிருக்கு அடிக்கிற மருந்து, எலி மருந்து எல்லாவற்றையும் அன்றே வீட்டை விட்டு அப்புறப்படுத்த வேண்டும். முடியாவிட்டால் பூட்டிச் சாவியைப் பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்துவிடுங்கள். அந்த எண்ணம் அலைபோல உச்சத்துக்குப் போய் இறங்கும். உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றுகிறது.

14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை இது. தமிழக அரசின் 104லும் உதவி கிடைக்கும். 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. முயற்சி செய்து பிழைத்தவரைப் போலீஸ் கேசுக்குப் பயந்து மறைத்துவைக்கும் குடும்பங்களுக்கு ஒரு செய்தி: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவும் இல்லை. தயங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: யாரிடம், எங்கே

மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் எம்.டி.யோ டிப்ளமாவோ படித்தவர். நோயை முடிவு செய்வதும் மாத்திரை எழுதுவதும் அவர். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுத மாட்டார், பேசிச் செய்யும் சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். அவரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கூச்சப்படாமல் கேட்கலாம். "கவுன்சிலிங்" என்று போர்டு மாட்டிய எல்லாரும் இந்தப் படிப்பு படித்தவர்கள் இல்லை, அதனால் கேட்டே ஆக வேண்டும்.

கோவை, சேலம், பெருந்துறை, கரூர், திருப்பூர், நாமக்கல் ஆகிய இடங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மனநலப் பிரிவுக்கு என்று கேட்டு ஓ.பி. சீட்டு வாங்குங்கள், ஆலோசனையும் மாத்திரையும் இலவசம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியில் மாவட்ட மனநலத் திட்டக் குழு எந்தக் கிழமை வருகிறது என்று விசாரித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, எடை குறைந்ததா, குடிப்பழக்கம் உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டர் முன்னால் உட்கார்ந்தவுடன் எல்லாம் மறந்துபோகும். ரத்தப் பரிசோதனை எழுதினால் "மனசுக்கு எதுக்குங்க ரத்தம்?" என்று தட்டிக்கழிக்க வேண்டாம். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைவு ஆகியவை அச்சு அசலாக மனச்சோர்வு போலவே வரும். கூடப்போகிறவர் சிறிது நேரம் வெளியே இருந்து அவரைத் தனியாகப் பேசவிட வேண்டும். மாமியார் முன்னால் மருமகளும், அப்பா முன்னால் மகனும் எதைச் சொல்ல முடியும்?

பண்ணாரி அம்மனுக்கு வேண்டிக்கொள்வதோ சென்னிமலைக்குப் போய்வருவதோ சிகிச்சைக்குத் தடை இல்லை. குறி சொல்கிறவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அதை மட்டும் கேட்காதீர்கள்.

மாத்திரை பற்றி, சுருக்கமாக

ஃபுளுவாக்ஸெட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்றவைதான் பெரும்பாலும் முதலில் எழுதப்படுகின்றன. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகும். குமட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவு முதல் வாரத்திலேயே வந்து பெரும்பாலும் அடங்கிவிடும். பலன் வருமுன் தொல்லை வருவதால்தான் நிறையப் பேர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். இளவயதுக்காரர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும், நிறுத்துவதும் மருத்துவர் சொல்லி மெல்ல மெல்லத்தான். இவை பழக்கமாகிவிடும் என்ற பயம் தூக்க மாத்திரையால் வந்தது. தூக்க மாத்திரை வேறு, இது வேறு. பழைய சீட்டைக் காட்டித் தூக்க மாத்திரையை மட்டும் மெடிக்கலில் வாங்கித் தின்பதுதான் உண்மையான ஆபத்து. கரண்ட் வைப்பார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு: அது மிகக் கடுமையான நிலையில் மட்டும் தரப்படும் சிகிச்சை. மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதைச் சட்டமே தடுக்கிறது.

நான்காம் படி: செயலிலிருந்து மனதுக்கு

லேசான, நடுத்தர மனச்சோர்வில் பேச்சுவழிச் சிகிச்சை மட்டுமே கைகொடுக்கும். கடுமையாக இருந்தால் மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டும். பல முறைகள் உண்டு. நம் மண்ணுக்கு மிகவும் பொருந்துவது எது என்று கேட்டால் நான் செயலூக்கச் சிகிச்சையைத்தான் சொல்வேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1970களில் பீட்டர் லூவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் மனச்சோர்வின் சுழலை விளக்கினார். சோர்வு வந்தால் மனிதர் வேலையிலிருந்தும் ஆட்களிடமிருந்தும் ஒதுங்குகிறார். ஒதுங்கினால் நிறைவு தருவது, சந்தோஷம் தருவது எல்லாம் நின்றுபோகிறது. அதனால் சோர்வு கூடுகிறது, மேலும் ஒதுங்குகிறார். மனசு சரியானதும் எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தால் இந்தச் சுழல் உடையாது. பைப்பில் காற்று புகுந்த பம்பு செட்டைச் சும்மா ஓடவிட்டால் தண்ணீர் இழுக்குமா? முதலில் நாம் ஊற்றி நிரப்ப வேண்டும், அப்புறம்தான் அது தானாக இழுக்கும். அதுபோல முதலில் சின்னதாக ஒரு செயல். மனசு பின்னால் வரும்.

"அதைத்தானே நாங்களும் சொல்றோம், வேலை செஞ்சா எல்லாம் செரியாப் போகும்னு!" என்பார்கள் வீட்டார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வீட்டார் சொல்வது பழைய அளவு வேலை, அதுவும் திட்டோடு. முடியாமல் போய், "பார், இதுவும் என்னால் ஆகலை" என்று அவர் இன்னும் கீழே போகிறார். சிகிச்சையில் வேலை அவரால் இன்றைக்கு நிச்சயம் முடிகிற அளவுக்கு வெட்டிச் சிறிதாக்கப்படுகிறது. எந்த வேலை என்பதையும் அவர்தான் தேர்ந்தெடுக்கிறார்.

பெருந்துறைப் பக்கம் மஞ்சள் போடுகிற ஐம்பது வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நாலு மாடு, போர் மோட்டார், சொந்த உழைப்பு. இப்போது கட்டிலை விட்டு எழுவதில்லை. ஒரு நோட்டு எடுத்து முதல் வாரம் எதையும் மாற்றாமல் மணிக்கு மணி என்ன செய்தார், அப்போது மனநிலை பத்துக்கு எத்தனை என்று மட்டும் எழுதச் சொல்வார் சிகிச்சையாளர். கட்டிலில் கிடந்து போன் பார்த்த நேரமெல்லாம் 1, 2. மகள் போனில் பேசிய பத்து நிமிடம் 4. அந்த 4தான் நூல்நுனி.

இரண்டாவது வாரம் மூன்றே வேலை. காலை ஆறரைக்கு டீயை வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குடிப்பது. ஒரே ஒரு மாட்டுக்கு மட்டும் சோளத்தட்டு போடுவது, மற்ற மூன்றையும் மகன் பார்த்துக்கொள்வான். சாயங்காலம் பால் கேனை சொசைட்டிக்கு அவரே எடுத்துப்போவது, ஏனென்றால் அங்கே நாலு பேரைப் பார்த்தே தீர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மதிப்பெண், பின்னால் ஒன்று. "தட்டு போட்டேன். முன் 2, பின் 3." ஒரு மதிப்பெண்தான் ஏறியிருக்கிறது, ஆனால் அவர் கையெழுத்தில் இருக்கிறது. "எது செய்தாலும் ஒன்றும் ஆகாது" என்று மனம் சொன்னதற்கு அந்த வரி பதில். முடியாத நாளில் வேலையை இன்னும் பாதியாக்க வேண்டும், விட்டுவிடக் கூடாது. மூன்றாவது வாரம் இரண்டு மாடு, ஒரு மடை தண்ணி மாற்றுவது. கடன் பற்றி சொசைட்டிச் செயலாளரிடம் பேசுவது போன்ற தள்ளிப்போட்ட வேலைகள் அதற்குப் பிறகு.

வேலை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் இதை மறப்பார்கள். பட்டியலில் மூன்று வகை இருக்க வேண்டும்: முடித்தோம் என்ற நிறைவு தருவது, சும்மா சந்தோஷம் தருவது, மனிதரோடு சேர்ப்பது. முன்பு ஒயிலாட்டமோ கும்மியோ ஆடிப் பழகியவர் பயிற்சி நடக்கும் இடத்தில் போய் வேடிக்கை பார்ப்பதும் சிகிச்சைதான்.

கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல ஆய்வாளர் விக்ரம் படேலின் குழு இந்தச் செயலூக்கச் சிகிச்சையைச் சோதித்துப் பார்த்தது. மனநலப் பட்டம் இல்லாத, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண மக்களே ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினார்கள். 2017இல் வெளியான முடிவில், வழக்கமான கவனிப்போடு இதையும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். நம் கிராமங்களுக்கு இது எவ்வளவு பெரிய நம்பிக்கை!

ஐந்தாம் படி: எண்ணத்தைச் சோதிப்பது

சிபிடி என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை 1960களில் ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் உருவாக்கியது. மனச்சோர்வில் தன்னைப் பற்றி, உலகத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி மூன்றிலும் மோசமான எண்ணங்களே தானாக ஓடுவதை அவர் கவனித்தார். அவற்றைப் பிடித்து எழுதி, ஆதாரம் கேட்பதுதான் முறை.

திருப்பூரில் செக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு சூப்பர்வைசர் வணக்கம் திருப்பிச் சொல்லவில்லை. ஓடும் எண்ணம்: "என்னை நிறுத்தப் போறாங்க. நான் எதுக்கும் லாயக்கில்லை." நம்புவது 90 சதவீதம். ஆதாரம்: போன வாரம் இரண்டு பீஸ் திரும்பி வந்தது. எதிர் ஆதாரம்: அன்றைக்கு ஷிப்மெண்ட் நெருக்கடி, அவர் யாருக்குமே பதில் சொல்லவில்லை, மற்ற டேபிளுக்கும் பீஸ் திரும்பியது, போன மாதம் புதுப்பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார். கடைசி வரி: "அவர் அவசரத்தில் இருந்திருக்கலாம். எனக்கு இப்போது உடம்பு சரியில்லை, அதனால் இரண்டு பீஸ் தவறியது." நம்புவது 40க்கு இறங்குகிறது. பூஜ்யத்துக்கு இறங்க வேண்டியதில்லை, "எல்லாம் நல்லதே" என்று பொய்யாக எழுதவும் வேண்டாம். எழுதப்படிக்க வராதவர்கள் போனில் குரலாகப் பதிந்து வைக்கலாம். மிகவும் சோர்ந்திருக்கும் ஆரம்ப நாட்களில் இதை எடுக்க வேண்டாம், செயலே முதலில்.

ஆறாம் படி: உறவில் எங்கே முடிச்சு

கிளெர்மன், வைஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கிய உறவுவழிச் சிகிச்சை நான்கு இடங்களில் தேடுகிறது: சாவுத் துக்கம், உறவுப் பிணக்கு, வாழ்க்கையில் வந்த பெரிய மாற்றம், பழகும் ஆட்களே இல்லாத தனிமை. கொங்குப் பகுதியில் இந்த நான்குமே தெளிவாகத் தெரியும். பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி, முப்பத்தைந்து தாண்டியும் பெண் அமையாமல் கல்யாண வீடுகளைத் தவிர்க்கும் மாப்பிள்ளைகள், பிள்ளைகள் அமெரிக்காவிலும் பெங்களூரிலும் இருக்க, தோட்டத்துச் சாளையில் கூப்பிடு தூரத்தில் ஆள் இல்லாமல் வாழும் அப்புச்சிகளும் அம்முச்சிகளும். வாரம் ஒரு அமர்வு என்று மூன்று, நான்கு மாதம் அந்த ஒரு முடிச்சில் மட்டும் வேலை நடக்கும். யாரிடம் எதை எப்படிப் பேசுவது என்று சிகிச்சையாளரோடு ஒத்திகையே பார்ப்பார்கள். எல்லா முடிச்சும் அவிழாது. நிலம் போனது போனதுதான். அதோடு சேர்ந்து போன மதினியின் பேச்சையாவது மீட்க முடியுமா என்று பார்ப்பார்கள்.

வீட்டில் இருப்பவர்கள்

"உனக்கு என்ன கொறச்சல்?" என்ற கேள்வியை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்பதும் உதவாது. "நானும் கூட வர்றேன், சொசைட்டி வரைக்கும் போயிட்டு வரலாம்" என்பது உதவும். மாத்திரை, அடுத்த ஓ.பி. தேதி, நோட்டு மூன்றையும் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளலாம். சொத்து விற்பது, கல்யாணம் முடிப்பது, வேலையை விடுவது போன்ற முடிவுகளை அவர் தேறும்வரை தள்ளிவையுங்கள். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நோயில் இருப்பவரை மணையில் உட்காரவைப்பது இரண்டு பேருக்குச் செய்யும் அநியாயம்.

தேறிய பிறகு

இந்த நோய் ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்பவும் வர வாய்ப்பு உண்டு. அடிக்கடி வந்தவர்களுக்கு எட்டு வாரக் கவனக்குவிப்புப் பயிற்சி ஒன்று இருக்கிறது, உளவியலாளரிடம் கேட்கலாம். மற்றவர்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தங்களுக்கு நோய் எப்படி ஆரம்பித்தது என்று வரிசையாக எழுதிவைக்க வேண்டும்: மூன்று மணி விழிப்பு, போன் எடுக்காமல் விடுவது, குளிப்பதைத் தள்ளிப்போடுவது. வீட்டில் ஒருவரிடம் அதைப் படித்துக்காட்டி, இவற்றில் இரண்டு ஒரு வாரம் தொடர்ந்தால் தன்னைக் கேட்காமலே ஓ.பி.க்குக் கூட்டிப்போகும்படி இப்போதே சொல்லிவைக்க வேண்டும். அதே பக்கத்தில் மருத்துவர் பெயர், சாப்பிட்ட மாத்திரையின் பெயரும் அளவும், முதலில் கைகொடுத்த மூன்று சின்ன வேலைகள், 14416.